கொரோனா நோயில் உயிர் பிழைத்தல்: வயதும் தேகநிலையும்

ஒரே நோய் ஒரே வீட்டில் புகுந்தாலும் அவ்வீட்டிலுள்ள அனைவரையும் அது ஒரே விதமாகத் தாக்குவதில்லை. பேரனுக்கு இரண்டு நாள் சளியாக வந்து நீங்கும் வியாதி, தந்தையை ஒரு வாரம் படுக்கையில் கிடத்துகிறது. பாட்டனாரையோ பிராணவாயு அளிக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேரிடுகிறது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீன தேசத்து வூஹான் நகரில் கண்டறியப்பட்டு, 2020-ல் உலகெங்கும் பரவிய கொரோனா நோய் இவ்வேற்றுமையை மிகத் தெளிவாகக் காட்டிற்று. உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோயைப் பற்றிய அவசர நிலையை 2023 மே 5-ஆம் தேதியன்று முடிவுக்குக் கொண்டுவந்தது. எனினும் வைரஸ் மறைந்துவிடவில்லை. அதனால் கற்ற பாடமும் பழையதாகிவிடவில்லை.

இந்நோயைக் குறித்துப் பொதுமக்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் நிலவி வந்தன. இளம் வயதினருக்கு இதனால் யாதொரு தீங்கும் நேராது என்பது ஒன்று. முதியவருக்கு நோய் வந்துவிட்டால் இனிச் செய்வதற்கு ஏதுமில்லை என்பது மற்றொன்று. முதல் எண்ணம் அஜாக்கிரதையை வளர்த்தது. இரண்டாவது எண்ணம் காலத்தில் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையைத் தாமதப்படுத்தியது. இரண்டுமே உயிர்களைப் பலிகொண்டன. புள்ளிவிவரங்களைச் சரிவரப் படிக்கத் தெரிந்தால் இவ்விரு எண்ணங்களும் பிழையென்பது விளங்கும். வீடுதோறும் செல்லும் சுகாதார ஊழியரும், வகுப்பறையில் பேசும் ஆசிரியரும் அவ்விவரங்களை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இரு வகை மரண விகிதங்கள்

"நூறு பேருக்கு இத்தனை பேர் இறந்தனர்" என்று கூறும்போது, அந்த நூறு பேர் யார் என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். பரிசோதனையில் நோய் உறுதி செய்யப்பட்டவர்களை மட்டும் கணக்கிட்டு, அவர்களுள் இறந்தவர்களின் பங்கைக் கூறுவது ஒரு முறை. இதனை நோயாளி மரண விகிதம் எனலாம். நோய்க்குறி தோன்றாதவர்கள், பரிசோதனைக்கே வராதவர்கள் ஆகியோரையும் சேர்த்து, வைரஸ் தொற்றிய அனைவருள்ளும் இறந்தவர்களின் பங்கைக் கூறுவது மற்றொரு முறை. இதனைத் தொற்று மரண விகிதம் எனலாம். இரண்டாவது விகிதம் முதலாவதைவிட எப்பொழுதும் குறைவாகவே இருக்கும்.

இவ்வேறுபாட்டை விளக்க ஒரு கப்பலின் வரலாறு உதவுகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்ஸஸ்' என்னும் உல்லாசப் பிரயாணக் கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 3,711 பேர் இருந்தனர். நோய்க்குறி உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் பலரையும் பரிசோதித்ததில் 712 பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. பரிசோதனை நேரத்தில் அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எவ்வித நோய்க்குறியும் காணப்படவில்லை. சாதாரண ஊர் ஒன்றில் இத்தகையோர் கணக்கில் வராமலே போயிருப்பர்.

இந்தியாவிலும் இதே நிலைமை அறியப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நாடு தழுவிய முறையில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. கண்டறியப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் 26 முதல் 32 பேர் வரை உண்மையில் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர் என்று அதன் முடிவு தெரிவித்தது. ஆகவே, எந்த மரண விகிதத்தைக் கேட்டாலும், அது எவ்வகையைச் சேர்ந்தது, எந்த ஆண்டில் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

வயதின் ஆதிக்கம்

முதல் பெரிய கணக்கு சீனாவிலிருந்து 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. நோய் உறுதி செய்யப்பட்ட 44,672 பேரில் 1,023 பேர் இறந்திருந்தனர். அதாவது நூற்றுக்கு 2.3 பேர். ஆனால் இந்தச் சராசரி உண்மை நிலையை மறைத்தது. 10 வயதுக்கு உட்பட்டோரில் ஒருவரும் இறக்கவில்லை. 40 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 0.4 பேரும், 60 முதல் 69 வரை 3.6 பேரும், 70 முதல் 79 வரை 8 பேரும், 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 14.8 பேரும் மாண்டனர்.

பின்னர் பல நாடுகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒருங்கே தொகுத்து, தொற்று மரண விகிதம் வயதுவாரியாக மதிப்பிடப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியான அத்தகைய ஓர் ஆய்வின் முடிவு பின்வருமாறு. தொற்றுக்கு ஆளாகும் ஒவ்வொரு லட்சம் பேரிலும் இறப்போர் தொகை இங்குத் தரப்பட்டுள்ளது.

10 வயதில்: 2 பேர்
25 வயதில்: 10 பேர்
55 வயதில்: 400 பேர்
65 வயதில்: 1,400 பேர்
75 வயதில்: 4,600 பேர்
85 வயதில்: 15,000 பேர்

இவ்வெண்கள் தடுப்பூசி வருவதற்கு முந்திய காலத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் செல்வ வளமிக்க நாடுகளிலிருந்து பெறப்பட்டவை. எனினும் அவற்றின் போக்கு கவனிக்கத்தக்கது. வயது சீராக ஏறும்போது அபாயமும் சீராக ஏறவில்லை. கூட்டு வட்டியைப் போலப் பெருகுகிறது. ஏறத்தாழ 20 வயது கூடுவதற்குள் அபாயம் பத்து மடங்காகிறது. அதாவது ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது எனலாம். ஒரு குறிப்பிட்ட வயது வரை அபாயமில்லை, அதற்குப் பின்னர் அபாயம் என்று கோடு கிழித்துப் பிரிக்க இயலாது என்பதும் இதனால் விளங்கும்.

இதே அட்டவணையை மறுபுறமாகவும் படித்தல் வேண்டும். தடுப்பூசி இல்லாத காலத்திலும், 85 வயதில் தொற்றுக்கு ஆளான நூறு பேரில் சுமார் 85 பேர் உயிர் பிழைத்தனர். முதியவரைக் கைவிடுவதற்கு இவ்வெண்களில் எவ்வித ஆதாரமும் இல்லை.

ஊரையும் ஊரையும் ஒப்பிடுதல்

வயதின் ஆதிக்கத்தை மறந்துவிட்டு இரு நாடுகளையோ இரு ஊர்களையோ ஒப்பிட்டால் தவறான முடிவு ஏற்படும். உதாரணமாக இரண்டு ஊர்களைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் 10,000 பேருக்குத் தொற்று ஏற்படுகிறது. இரண்டிலும் 60 வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரத்துக்கு ஒருவரும், மேற்பட்டோரில் ஆயிரத்துக்கு 50 பேரும் இறக்கின்றனர் என்று வைத்துக் கொள்வோம். முதல் ஊரில் தொற்றுக்கு ஆளானவர்களில் முதியோர் 1,000 பேர். மற்றவர் 9,000 பேர். அங்கே இறப்பு 50-ம் 9-ம் சேர்ந்து 59 ஆகும். இரண்டாவது ஊரில் முதியோர் 3,000 பேர். மற்றவர் 7,000 பேர். அங்கே இறப்பு 150-ம் 7-ம் சேர்ந்து 157 ஆகும். நோயின் கொடுமையிலும் சிகிச்சையின் தரத்திலும் யாதொரு வேற்றுமையும் இல்லாதிருந்தும், இரண்டாவது ஊரில் இரண்டரை மடங்குக்கு மேல் மரணம் நிகழ்ந்துள்ளது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2020 மார்ச் மாதத்தில் இத்தாலியின் நோயாளி மரண விகிதம் நூற்றுக்கு 7.2 ஆக இருந்தது, சீனாவிலோ 2.3. ஆயினும் 60 முதல் 69 வயது வரை உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால், இத்தாலியில் 3.5, சீனாவில் 3.6. இத்தாலியின் நோயாளிகளில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 37.6 பேர், சீனாவில் 11.9 பேரே. 70 வயதுக்கு மேல் இத்தாலியின் விகிதம் சீனாவைவிட அதிகமாக இருந்தது உண்மையே. ஆனால் மொத்த வேற்றுமையின் பெரும்பகுதி நோயாளிகளின் வயதமைப்பினால் விளைந்தது.

இந்தியாவின் வயதமைப்பு வேறு. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். இதனால் இந்தியாவில் அபாயம் குறைவென்று முடிவு செய்துவிடலாகாது. 2020-ல் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு ராஜ்யங்களின் சுகாதார ஊழியர்கள் திரட்டிய விவரங்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. நோய் உறுதி செய்யப்பட்ட 84,965 பேரும், அவர்களோடு பழகிய 5,75,071 பேரும் அதில் ஆராயப்பட்டனர். நோயாளி மரண விகிதம் 5 முதல் 17 வயது வரை நூற்றுக்கு 0.05 ஆகவும், 85 வயதும் அதற்கு மேலும் 16.6 ஆகவும் இருந்தது. வயதோடு அபாயம் ஏறும் நியதி இங்கும் பொருந்திற்று. ஆனால் மாண்டவர்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தது 50 முதல் 64 வயது வரை உள்ள பிரிவிலேயாகும். ஒருவருக்குள்ள அபாயம் வேறு, ஒரு வயதுப் பிரிவில் நிகழும் மொத்த மரணங்கள் வேறு என்பதை இது காட்டுகிறது. குடும்பத்தைத் தாங்கும் வயதினரே பெருந்தொகையில் மடிந்தனர் என்பது நம் நாட்டுக்குரிய பாடமாகும்.

முதுமையில் அபாயம் மிகுவதேன்?

வைரஸ் உடலினுள் நுழைந்த முதல் சில நாட்களில், உயிரணுக்கள் இன்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து, பக்கத்திலுள்ள உயிரணுக்களை எச்சரிக்கின்றன. இதுவே முதற்காவல். முதுமையில் இக்காவல் தாமதமாகவும் பலவீனமாகவும் இயங்குகிறது. சிலருடைய ரத்தத்தில் இன்டர்பெரானையே எதிர்த்துச் செயலற்றதாக்கும் பொருள்கள் காணப்படுகின்றன. 70 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இவை உள்ளன என்றும், கொரோனாவினால் மாண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரிடம் இவை இருந்தன என்றும் 2021-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது.

இரண்டாவது காவல், புதிய கிருமியை அடையாளம் கண்டு அதற்கெனவே போர் புரியும் வெள்ளணுக்களைச் சார்ந்தது. இவற்றுள் ஒரு வகை, மார்பெலும்பின் பின்புறமுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகிறது. இளமையில் பெரிதாக உள்ள இச்சுரப்பி, பருவமடைந்த பின் சுருங்கிக் கொழுப்பாக மாறிவருகிறது. பழைய கிருமிகளை நினைவில் கொண்ட அணுக்கள் முதியவரிடம் ஏராளமாக உண்டு. முன்பின் கண்டிராத கிருமியை எதிர்க்கத் தயாராயுள்ள புதிய அணுக்களோ குறைவு. கொரோனா வைரஸ் முற்றிலும் புதியதாக வந்ததால் இக்குறை பெருந்தீங்கு விளைத்தது.

முதற்காவல் தவறிய இடத்தில் வைரஸ் பெருகுகிறது. பின்னர்த் தாமதமாக எழும் எதிர்ப்பு அளவு மீறி, நுரையீரலின் மெல்லிய காற்றறைகளையே அழற்சிக்கு உள்ளாக்குகிறது. காற்றறைகளில் நீர் கோத்து, பிராணவாயு ரத்தத்தில் கலப்பது தடைப்படுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவதும் உண்டு. முதியவரின் நுரையீரல் நெகிழ்ச்சி குறைந்திருப்பதாலும், இருதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் சேமிப்பு வலிமை குன்றியிருப்பதாலும் இத்தாக்குதலைத் தாங்குவது கடினமாகிறது.

பிற நோய்களின் பங்கு

மேற்கூறிய சீனக் கணக்கில், வேறு நோய் எதுவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 0.9 பேர் இறந்தனர். இருதய நோய் உள்ளவர்களில் 10.5 பேரும், நீரிழிவு உள்ளவர்களில் 7.3 பேரும், நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களில் 6.3 பேரும், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 6 பேரும், புற்றுநோய் உள்ளவர்களில் 5.6 பேரும் மாண்டனர். இவ்வெண்களை அப்படியே எடுத்துக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. இந்நோய்கள் முதியவரிடமே மிகுதி. அப்படியாயின் உயிரைப் பறித்தது நோயா, வயதா?

இதனைப் பிரித்தறிய, ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 1,72,78,392 பேரின் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடத்தப்பட்டு 2020-ல் வெளியிடப்பட்டது. அவர்களுள் 10,926 பேர் கொரோனாவினால் இறந்திருந்தனர். மற்றக் காரணங்களைச் சமன் செய்த பின்னரும், 50 முதல் 59 வயது வரை உள்ளவரைவிட 80 வயதுக்கு மேற்பட்டவரின் அபாயம் 20 மடங்குக்கு மேலாக இருந்தது. பெண்களைவிட ஆண்களின் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களின் அபாயம் சுமார் இரண்டரை மடங்கு. மிகைப் பருமன் உள்ளவர்களிடத்தும் அபாயம் கூடியிருந்தது. ரத்த அழுத்தம் தனித்து நின்று அபாயத்தைப் பெரிதாக உயர்த்தியதாகத் தெரியவில்லை; அதன்மீது சுமத்தப்பட்ட பழியின் பெரும்பகுதி வயதையும் உடனிருந்த பிற நோய்களையும் சார்ந்தது.

நீரிழிவைப் பற்றிய முடிவு இந்தியருக்கு மிக முக்கியமானது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்களின் அபாயம், நீரிழிவு இல்லாதவரைவிட 1.3 மடங்கு, கட்டுக்குள் இல்லாதவர்களின் அபாயமோ ஏறக்குறைய இரு மடங்கு. வயதை மாற்ற இயலாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த இயலும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உள்ளவர்கள். தமிழ்நாடு, ஆந்திர ஆய்விலும் மாண்டவர்களிடம் காணப்பட்ட பிற நோய்களுள் நீரிழிவே முதலிடம் பெற்றிருந்தது. 2021-ன் இரண்டாம் அலையின்போது பலரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சை நோயும், கட்டுக்கு மீறிய சர்க்கரை உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மருந்துகளை முறையின்றி உட்கொண்டவர்களையுமே பெரிதும் பீடித்தது.

மடங்கு என்னும் சொல்லைப் பயன்படுத்துகையில் எச்சரிக்கை தேவை. ஒரு நோய் அபாயத்தை இரு மடங்காக்குகிறது என்று கொண்டால், 25 வயதில் லட்சத்துக்கு 10 என்பது 20 ஆகும்; 65 வயதிலோ 1,400 என்பது 2,800 ஆகும். மடங்கு ஒன்றே, கூடுதலாக இழக்கும் உயிர்கள் முன்னதில் 10, பின்னதில் 1,400. ஆகவே வயதும் நோயும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கும்போதுதான் கவனம் மிகுதியாக வேண்டப்படுகிறது.

விகிதம் தலைவிதியன்று

மரண விகிதம் என்பது கல்லில் பொறித்த எழுத்தன்று. சிகிச்சையாலும் தடுப்பாலும் அது மாறக்கூடியது. 2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் பரிசோதனை ஒன்று, டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான மருந்தின் பயனை நிறுவிற்று. செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டோரிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை ஏற்படவில்லை. உரிய மருந்தாயினும் உரிய கட்டத்தில் மட்டுமே அளிக்கத்தக்கது என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. முதலில் சுகாதார ஊழியரும், பின்னர் முன்களப் பணியாளரும், மார்ச் 1 முதல் 60 வயது நிரம்பியோரும், குறிப்பிட்ட நோய்களையுடைய 45 வயதுக்கு மேற்பட்டோரும் ஊசி பெற்றனர். அவ்வரிசை மேலே விளக்கிய கணக்கையே தழுவியது. அதன் பயனைத் தமிழ்நாட்டுப் போலீஸ் படையினரிடையே சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையம் ஆராய்ந்தது. இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, 1,17,524 பேரில் 31 பேர் இறந்தனர். ஊசி பெறாத 17,059 பேரில் 20 பேரும், ஒரு தவணை பெற்ற 32,792 பேரில் 7 பேரும், இரு தவணை பெற்ற 67,673 பேரில் 4 பேரும் மாண்டனர். ஆயிரம் பேருக்கு முறையே 1.17, 0.21, 0.06 என்று மரணம் படிப்படியாகக் குறைந்திருப்பது கண்கூடு.

ஊழியரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, தம் பகுதியில் 60 வயதைக் கடந்தோர், நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய், நாட்பட்ட சுவாச நோய் உள்ளோர் ஆகியோரின் பட்டியலைக் களப்பணியாளர் முன்கூட்டியே தயாரித்து வைத்தல் நலம். சுவாச நோய் பரவும் காலத்தில் அவ்வீடுகளுக்கே முதலில் செல்ல வேண்டும். இப்பட்டியல் கொரோனாவுக்கு மட்டுமன்றி, இன்புளுயன்ஸா போன்ற பிற நோய்களுக்கும் பயன்படும்.

இரண்டாவதாக, முதியவரிடம் நோய் எப்பொழுதும் காய்ச்சலாகத் தோன்றுவதில்லை. உணவில் வெறுப்பு, அளவு கடந்த சோர்வு, திடீரென ஏற்படும் மனக்குழப்பம் ஆகியவையே முதற்குறிகளாக இருக்கக்கூடும். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தும் மூச்சுத் திணறலை உணராதவர்களும் உண்டு. ஆதலின் விரல் நுனியில் பொருத்தும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவி பெரிதும் உதவுகிறது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் வகுத்த முறைப்படி, அளவு 90 முதல் 93 வரை இருந்தாலோ, நிமிஷத்துக்குச் சுவாசம் 24 அல்லது அதற்கு மேற்பட்டாலோ நோய் நடுத்தரமானது. அளவு 90-க்குக் கீழே சென்றாலோ, சுவாசம் 30-ஐத் தாண்டினாலோ கடுமையானது. இவ்விரு நிலைகளிலும் நோயாளியை வீட்டில் வைத்திருத்தல் தகாது.

மூன்றாவதாக, நீரிழிவு முதலிய நோய்களுக்கு வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளை, தொற்று ஏற்பட்ட காலத்தில் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது என்பதை வலியுறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையின்றி வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

நான்காவதாக, குழந்தைகள் இந்நோயால் இறப்பது மிக அரிது; ஆயினும் அறவே இல்லை எனக் கூறுவதற்கில்லை. தொற்று நீங்கிச் சில வாரங்கள் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சி ஏற்படுவது சில குழந்தைகளிடம் காணப்பட்டது. தொற்று நீங்கிய பின் விடாத காய்ச்சலும், தடிப்பும், வயிற்று வலியும் தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆசிரியர், மேலே கண்ட இரு ஊர்களின் கணக்கை மேல்வகுப்பு மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். சராசரி என்பது எவ்வாறு உண்மையை மறைக்கக்கூடும், இரு தொகைகளை ஒப்பிடுமுன் எவற்றைச் சமன் செய்ய வேண்டும் என்பதை அவர்கள் அதன் வாயிலாக அறிவர். தனக்குச் சிறு சளியாகத் தோன்றுவது தன் வீட்டிலுள்ள பாட்டிக்குப் பெரும் அபாயமாகலாம் என்பதை உணரும் மாணவன், இருமும்போது வாயை மூடிக்கொள்ளவும், நோயுற்ற நாளில் முதியவரை விட்டு விலகியிருக்கவும், கைகளைக் கழுவவும் தானே முற்படுவான்.

இளையோருக்கு அபாயம் குறைவு என்ற உண்மை, அவர்களை அசட்டையாக இருக்கச் சொல்லவில்லை. முதியோருக்கு அபாயம் மிகுதி என்ற உண்மை, அவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. யாரிடம் முதலில் செல்ல வேண்டும், யாரை அடிக்கடி பார்த்துவர வேண்டும், யாருடைய நோயை முன்னதாகவே கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதையே இவ்வெண்கள் அறிவிக்கின்றன.